வெங்காயப் பட்டறை – 17: வராதவளுக்குப் பதவி இல்லை

சாவு வீட்டுக்கு முதல் சில நாள் ஊரே சோறு கொண்டுவரும். அப்புறம் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அதைக் குற்றம் சொல்ல முடியாது, ஊருக்கும் வயிறு இருக்கிறது. இருசம்மாள் வீட்டுக்கு இன்றைக்கும் தூக்குவாளியோடு வந்தவள் ஒருத்திதான். அவள் கொளஞ்சியம்மாள், செத்துப்போன அரியமுத்துவின் தங்கை.

"குடி அண்ணி. தொண்டைக்கு எதமா இருக்கும்னு கஞ்சிதான் கொண்டாந்தேன்."

"புள்ளைங்க?"

"என் வூட்டுல தின்னுட்டு வெளையாடுதுங்க. நீ மொதல்ல குடி."

இருசம்மாளின் குரல் பாதிதான் வெளியே வந்தது. மீதியை அழுதே தீர்த்திருந்தாள்.

இந்த வாரம்தான் இந்தக் கதையைக் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாலிகண்டபுரத்துக்குக் கிழக்கே இருக்கிற இந்தக் காலனிப் பெண்கள், காலம் காலமாக அடுத்தவர் வெங்காயத்துக்குக் காய்ந்த தாள் கிள்ளிக் கூலி வாங்கியவர்கள். அவர்களைக் கூட்டிச் சேர்த்து, சொந்தமாக வெங்காயம் வாங்கி, மூங்கில் தட்டி அடைத்துப் பட்டறை போட்டு இருப்பு வைத்து, திருச்சி மார்க்கெட்டில் நேராக விற்க வைத்தவள் இருசம்மாள். அந்தத் தைரியம் திருச்சியில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் அவளுக்கு வந்தது. தாழ்த்தப்பட்ட பெண்கள் தொழில் நடத்தவும் தலைமை ஏற்கவும் கற்றுக்கொடுத்த முகாம் அது. நடத்தியவள் அமிர்தவல்லி. இவர்கள் வாயில் டீச்சர்.

போன சந்தைக்கு லாரியில் சரக்கோடு போன அரியமுத்து, பாடாலூர் தாண்டியதும் மூட்டை மேலிருந்து விழுந்து செத்தான். "நீ கூடப் போனாத்தான் எடையில ஏமாத்த மாட்டானுங்க" என்று அவனை அனுப்பி வைத்தவள் இருசம்மாள். அதை அவளும் மறக்கவில்லை, மற்றவர்களும் மறக்க விடவில்லை.

இன்றைக்கு அந்தப் பெண்களின் சங்கத்தைப் பதிவு செய்ய ஆபீசர் வருகிறார். அவர் கண் முன்னால் தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் தலைவி என்பதில் போன மாதம் வரை யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் கருமாதி இன்னும் முடியவில்லை. அன்றைக்குத்தான் தாலியை இறக்குவார்கள், பிறந்த வீட்டார் கோடிப் புடவை கொண்டுவந்து போடுவார்கள். அதுவரை புருஷனைப் பறிகொடுத்தவள் வாசப்படி தாண்டக் கூடாது. கூட்டமோ, கூப்பிடு தூரத்தில் இருக்கிற பட்டறைக் களத்தில்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. 'வராதவளுக்குப் பதவி இல்லை' என்று சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைப் போடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவளே இருசம்மாள்தான். வெங்காயத் தரகர் தங்கராசு தன் பெண்சாதியைப் பேருக்குத் தலைவியாக்கிவிட்டு, அவளை வீட்டில் வைத்துவிட்டு, தானே வந்து உட்காரப் பார்த்தார். அவரை வெளியே நிறுத்தப் போட்ட வேலி அது. வேலிக்கு யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாது.

அமிர்தவல்லி காலையிலேயே வந்துவிட்டாள். பெரம்பலூரில் பஸ் மாறி, மெயின் ரோட்டில் இறங்கி, வெயிலில் நடந்து வந்தாள்.

உள்ளே நுழைந்தவள் பேச வாய் எடுத்தாள். அதற்குள் மூலையில் இருந்த பாப்பாயி எழுந்து வந்து அவளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பாப்பாயிக்கு இருசம்மாள் வயதுதான். பக்கத்து வீட்டுக்காரி, பட்டறை போட்ட நாளிலிருந்து கூடவே நிற்பவள்.

இங்கே துக்கம் கேட்க வருகிற பெண் முதலில் கட்டிப் பிடித்து ஒரு மூச்சு அழ வேண்டும். அதற்கப்புறம்தான் பேச்சு. அழாமல் பேசுகிறவளை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். அமிர்தவல்லி இருசம்மாளின் தோளில் முகம் வைத்தாள். அழுகை தானாக வந்தது. நல்லவள்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "தேதியை மாத்தச் சொல்லிக் கேட்டேன் இருசம்மா. ஆபீசர் முடியாதுங்கிறாரு. தங்கராசு பெண்சாதி பேருல ஒரு சங்கம் வேணும்னு அவர்கிட்ட மனு கொடுத்திருக்காரு. ஊருக்கு ஒண்ணுதான் பதிவாகும். இன்னைக்கு நாம முடிக்கலைன்னா அவங்களுக்குப் போயிடும்."

"நான் வந்து நிக்கணும். அம்புட்டுத்தானே டீச்சர்?"

"கூட்டத்துல உக்காரணும். நிக்கிறேன்னு உங்க வாயால சொல்லணும். கூச்சல் குழப்பம் வந்தா ஃபைலை மூடிட்டுப் போயிடுவேன்னு அவர் சொல்லியிருக்காரு. அதனால அமைதியா நடக்கணும்."

வாசலில் உட்கார்ந்திருந்த வீரமுத்து எழுந்தான். இருசம்மாளின் அண்ணன். செந்துறையிலிருந்து வந்தவன் காரியம் முடிகிற வரை இருந்து பார்த்துக்கொள்வதாகத் தங்கியிருந்தான். தங்கை மேல் பிரியம் உள்ளவன். அந்தப் பிரியத்தில் பாதி, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. ஒங்களுக்கு நான் சொல்லக் கூடாது. கோடி போடாம எங்க வூட்டுப் பொண்ணு படி தாண்டாது."

"அஞ்சு நிமிஷந்தாங்க."

"அஞ்சு நிமிஷமோ அரை நாளோ, தாண்டுனது தாண்டுனதுதான். அப்பறம் நான் எந்த மொகத்தோட கோடி கொண்டாருவேன்? எங்க ஊருல ஒருத்தன் என்கூட வர மாட்டான். பொறந்த வூடே இல்லாதவளாத்தான் இவ நிப்பா."

இருசம்மாள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே சாணி தெளித்த இடம் அகலமாகத்தான் கிடந்தது.

"நான் தாண்ட வேணாம்ணே. அவளுங்க இங்க வரட்டும்."

"எங்க?"

"இந்த வாசல்ல. நான் படிக்கு உள்ளாற உக்காந்துக்கறேன். அவளுங்க வெளிய உக்காரட்டும். ஆபீசரும் இங்கயே வரட்டும். கூட்டம் எங்க இருக்கோ அங்க நானும் இருக்கேன். என்ன டீச்சர், சட்டத்துக்கு ஒத்துவருமா?"

அமிர்தவல்லியின் முகம் தெளிந்தது. சாவு வீட்டுக்குள் சிரிக்கக் கூடாது என்பதால் சிரிக்காமல் இருந்தாள். "வரும். தாராளமா வரும்."

வீரமுத்துவும் மறுபடி வாசலில் உட்கார்ந்தான். படிக்கு உள்ளே என்றால் உள்ளேதானே.

"கொளஞ்சி, நீ களத்துக்குப் போயி எல்லாத்தையும் இட்டுக்கிட்டு வா. வெவரமா சொல்லு. நீ சொன்னாக் கேப்பாளுங்க" என்றாள் இருசம்மாள்.

கொளஞ்சி சொன்னால் கேட்பார்கள் என்பது சும்மா வந்ததில்லை. 'உங்க இடத்துல உக்காருறதுக்கு இன்னொருத்தியை நீங்களே தயார் பண்ணணும்' என்பது முகாமில் கற்றுக்கொடுத்த பாடம். இருசம்மாள் நாத்தனாரைத் தேர்ந்தெடுத்தாள். ஆம்பிளைகள் கூட்டமாக நிற்கிற மார்க்கெட்டில் தராசுக்கு எதிரே நின்று முள்ளைப் பார்க்க வைத்தாள். தரகரிடம் விலை பேசும்போது தலையைக் குனியாதே என்று இடித்து இடித்துச் சொன்னாள். முதல் தடவை பேச்சு வராமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்ற கொளஞ்சி, இப்போது அண்ணி இல்லாமலே லாரிக்காரனிடம் வாடகையைக் குறைக்கிற அளவுக்கு வந்திருந்தாள்.

அமிர்தவல்லி ஆபீசரை அழைத்துவர மெயின் ரோட்டுக்குப் போனாள். பேச்சு நடந்தபோது கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்த பாப்பாயியும் களத்துக்குக் கிளம்பினாள். கொளஞ்சி தூக்குவாளியை வைத்துவிட்டு வருகிறேன் என்று தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

அங்கேதான் அவள் புருஷன் ராசாங்கம் நின்றான். கெட்டவன் இல்லை, ஆனால் கணக்குப் போடுகிறவன்.

"என்ன புள்ள, முடிவு என்னாச்சு?"

அவள் சொன்னாள்.

"சாவு வூட்டு வாசல்லயா? ஒங்க அண்ணிக்கு மூளை உண்டு, ஒத்துக்கறேன். ஆனா தங்கராசு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அறுத்தவ மொகத்துல முழிச்சிட்டு லாரி ஏத்தப் போறீங்களான்னு கேப்பான். ஒருத்தி நிப்பாளா?"

"அண்ணி சொல்லுச்சு. நான் போயி கூட்டிட்டு வரணும்."

"கூட்டிட்டு வா. யாரு வேணாம்னா? ஒண்ணு மட்டும் நெனச்சுப் பாரு. அன்னைக்கு லாரியில போக மாட்டேன், ஒடம்பு நோவுதுன்னு ஒங்க அண்ணன் சொன்னான். நம்ம வாசல்ல நின்னுதான் சொன்னான். அவனைப் போயே ஆகணும்னு ஏத்தி விட்டது யாரு?"

கொளஞ்சி தூக்குவாளியைத் திண்ணையில் வைத்தாள்.

"நாளைக்குத் தலைவியா உக்காந்து அதே மாதிரி நம்மளையும் ஏத்தி விடுவா. நீ அவளுக்குச் சோறு தூக்கிட்டுப் போ."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் மனசில் அது இருந்தது. தினமும் கஞ்சி ஊற்றும்போது இருந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டு அழும்போதும் இருந்தது. கோபமும் பாசமும் ஒரே அடுப்பில் கொதித்தால் எது எதில் கலக்கிறது என்று கிளறுகிறவளுக்கே தெரியாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு அந்தப் பதவி வேண்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று வேண்டும் என்று இருந்தது. அது பாவமா என்று எனக்குத் தெரியவில்லை.

களத்துக்குப் போனாள். பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குளித்து, இருக்கிறதில் நல்ல புடவையாக உடுத்தி, பட்டறை நிழலில் முகாமில் சொன்னபடி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இருசம்மா என்ன சொல்லுச்சு? டீச்சர்கிட்ட ஏதோ பேசிக்கிட்டு இருந்துச்சே, வாசல்ல கூட்டம்னு காதுல விழுந்துச்சு" என்று பாப்பாயி கேட்டாள்.

அவர்களை எழுப்ப ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தோடுதான் கொளஞ்சி வந்தாள்.

"மொதல்ல அப்படித்தான் சொல்லுச்சு. அப்பறம் முடியலைன்னு படுத்துருச்சு. நம்மளையே பாத்துக்கச் சொல்லிருச்சு."

"அதுவும் சரிதான். பாவம்" என்றாள் பாப்பாயி. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்திகூடச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படும்படி கொளஞ்சி அதுவரை எதுவும் செய்ததில்லை.

சற்று நேரத்தில் அமிர்தவல்லி ஆபீசரோடு வந்தாள். பெண்கள் களத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கொளஞ்சியை ஓரமாக இழுத்தாள்.

"ஏன் இங்கேயே இருக்கீங்க? அங்க வரச் சொன்னாங்களே?"

"வர மாட்டேங்கிறாங்க டீச்சர். சாவு வூட்டு வாசல்ல நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாதாம்."

அமிர்தவல்லி நம்பினாள். நம்பும்படியான பொய் அது. பத்து அடி நடந்துபோய் அந்தப் பெண்களிடமே கேட்டிருக்கலாம். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். களத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் தங்கராசு சைக்கிளில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி கேட்கவில்லை.

"ஆரம்பிக்கலாம் சார்" என்றாள்.

இருசம்மாள் படிக்கு உள்ளே பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை வாரி முடிந்திருந்தாள். என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பேர், ஊர், சங்கத்துக்கு என்ன செய்யப் போகிறேன், அவ்வளவுதான். திருச்சியில் அத்தனை பேர் முன்னால் பேசியவளுக்கு இது பெரிய விஷயம் இல்லை. தொண்டைதான் பயமுறுத்தியது. கொஞ்சம் கஞ்சித் தண்ணீரை எடுத்து விழுங்கினாள்.

யாரும் வரவில்லை. சந்தில் ஒரு நாய் போயிற்று.

அப்போது கைதட்டல் கேட்டது. ஒரே சீராக, எல்லாரும் சேர்ந்து தட்டுகிற தட்டு. கூட்டம் தொடங்கும்போது அப்படித் தட்ட வேண்டும் என்று முகாமிலிருந்து வந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

இருசம்மாளுக்கு விளங்கிவிட்டது. யார், ஏன் என்பது அப்புறம். வரவில்லை என்பது மட்டும் விளங்கிவிட்டது.

எழுந்தாள்.

"உக்காரு இருசு" என்றான் வீரமுத்து.

"அண்ணே, ரெண்டு புள்ளைங்க இருக்குது. அவரு போயிட்டாரு. அந்தப் பட்டறையும் போச்சுன்னா நான் திரும்பத் தங்கராசு களத்துல தாள் கிள்ளத்தான் போகணும். அவரு செத்த மூட்டைக்கு நான் கூலிக்காரியாப் போகணுமா?"

"நான் இருக்கேன்ல?"

"செந்துறையில உனக்கே மழை பேஞ்சாத்தான் சோறு. நீ எம்புட்டு நாளைக்கிணே போடுவ?"

வீரமுத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "தாண்டாத இருசு. தாண்டுனா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன். கருமாதிக்கு வர மாட்டேன். கோடி இல்லாமதான் நிப்ப."

"சரிண்ணே" என்றாள்.

அவன் கைக்குக் கீழே குனிந்து படி தாண்டினாள். வெயிலில் கண் கூசியது. களத்தைப் பார்த்து நடந்தாள்.

களத்தில் ஆபீசர் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "கொளஞ்சியம்மாள் பேரை முன்மொழிஞ்சிருக்காங்க. வேற யாராவது போட்டியிடுறீங்களா?"

"நான் நிக்கிறேன்" என்றாள் இருசம்மாள், பட்டறையைத் தாண்டி வந்தபடியே.

சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

முதலில் பார்த்தவள் பாப்பாயி. தாலி கழுத்தில் தொங்க, வெயிலில், படி தாண்டி வந்து நிற்கிற தோழியைப் பார்த்ததும் அவளுக்குச் சங்கமும் மறந்துபோயிற்று, ஆபீசர் இருப்பதும் மறந்துபோயிற்று. "அய்யோ என் ஆத்தா, ஒனக்கா இந்தக் கதி" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் எல்லாரும். அழாமல் பேசக் கூடாதே. வட்டம் கலைந்து இருசம்மாளைச் சுற்றி இறுகியது. ஒருத்தி ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒருத்தி அழுகையிலும் பொய் இல்லை. அதுதான் பொறுக்க முடியாதது.

"விடுங்கடி. நான் பேசணும். நான் நிக்கிறேன், நிக்கிறேன்" என்று நடுவில் இருசம்மாள் கிழிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை விட யாருக்கும் மனசு வரவில்லை. அவள் உதடு அசைந்ததை அவர்கள் அழுகை என்றுதான் நினைத்தார்கள்.

கொளஞ்சி மட்டும் ஓடிவரவில்லை. ஆபீசருக்குப் பக்கத்தில், முன்மொழியப்பட்ட இடத்திலேயே நின்றாள். அங்கிருந்து அண்ணியின் முகம் நேராகத் தெரிந்தது. அண்ணியின் கண் அவள் மேல்தான் இருந்தது.

ஆபீசருக்குச் சங்கடமாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, கொளஞ்சிக்கும் அமிர்தவல்லிக்கும் நடுவில் ஓரமாக நின்றார். தாழ்ந்த குரலில் கொளஞ்சியிடம் கேட்டார். "அந்தம்மா ஏதோ சொல்றாங்க போலிருக்கே. என்ன சொல்றாங்க?"

கொளஞ்சி ஆபீசர் பக்கம் திரும்பினாள்.

"எங்க அண்ணி சார். எங்க அண்ணனை நெனச்சு அழுவுது."

ஆபீசர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் மரியாதைக்குக் காத்திருந்தார். பிறகு குரலை உயர்த்திச் சொன்னார். "வேற யாரும் இல்லைன்னா, கொளஞ்சியம்மாளுக்குச் சம்மதம்னு கையைத் தூக்குங்கம்மா. நீங்க அந்தம்மாவைப் பாருங்க, நான் கிளம்பறேன்."

கைகள் உயர்ந்தன. மூக்கைச் சிந்திய கை, கண்ணைத் துடைத்த கை. பாப்பாயி ஒரு கையால் இருசம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டே மறு கையைத் தூக்கினாள்.

 அப்புறம் இருசம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீட்டு வாசலில் வீரமுத்து இல்லை. அவன் துணிப்பையும் இல்லை. கொஞ்ச நேரம் முன்னால், செந்துறைப் பக்கம் போகிற அரியலூர் பஸ் போன சத்தம் கேட்டதாக யாரோ சொன்னார்கள்.

தங்கராசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஆபீசர் கிளம்பினார். களத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். சங்கம் பதிவாகிவிட்டது. அமிர்தவல்லி இந்த ஒரு நாளுக்காக எத்தனையோ ஆபீஸ் படி ஏறி இறங்கியவள். சந்தோஷப்பட வேண்டியவள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கொளஞ்சி" என்றாள். "நிக்கிறேன்னு அவங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

கொளஞ்சி தலையைக் குனியவில்லை. தரகர் எதிரே நிற்கிற மாதிரி நிமிர்ந்துதான் நின்றாள். அவள் கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

"கேட்டுச்சுல்ல டீச்சர்? ஆபீசர் ஒங்க பக்கத்துலதானே நின்னாரு. நீங்க ஏன் சொல்லல?"